அமெரிக்க அரசாங்கம் 43 நாள் மூடிக்கிடந்தபோது சாதாரண மக்களுக்கு என்ன ஆனது?

நீங்கள் கேட்டிருப்பது 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை நடந்த ஷட்டவுனைப் பற்றி. அரசாங்கம் எப்படி மூடும், மூடினால் யாருக்கு வலிக்கும், அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது வட வெர்ஜீனியாவில், வாஷிங்டனுக்குக் காரில் அரை மணி நேரம். எங்கள் தெருவில் நாலு வீட்டில் ஃபெடரல் அரசுச் சம்பளம். அப்புறம், சனிக்கிழமை காலையில் பக்கத்து சர்ச்சின் அடித்தளத்தில் நடக்கும் ஃபுட் பேன்ட்ரியில், அதாவது இல்லாதவர்களுக்கு மளிகைச் சாமான் இலவசமாகக் கொடுக்கும் இடத்தில், ஆறு வருடமாகப் பை கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ரெண்டு இடத்தில் நின்று பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

அரசாங்கம் எப்படி மூடும் என்று ஊரிலிருந்து அப்பாவும் போனில் இதையேதான் கேட்டார். இந்தியாவில் மக்களவையில் பட்ஜெட் தோற்றால் ஆட்சியே கவிழும், அதனால் ஆளுங்கட்சி எப்பாடுபட்டாவது அதை நிறைவேற்றிவிடும். இங்கே அதிபர் தனி, இந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் தனி. பணம் ஒதுக்கும் அதிகாரம் காங்கிரஸிடம் இருக்கிறது, நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது, அதற்குள் அவர்கள் ஒதுக்காவிட்டால் ஒருவருடைய பதவியும் போகாது, ஊழியர்களின் சம்பளம்தான் நிற்கும். ஒதுக்காத பணத்தை அதிகாரிகள் செலவு செய்யக்கூடாது என்ற சட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் காங்கிரஸ் தாமதம் செய்த வருடங்களில் அலுவலகங்கள் கொஞ்சம் கையைச் சுருக்கிக்கொண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதிபர் கார்ட்டர் காலத்து அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரி, பெஞ்சமின் சிவிலெட்டி 1980இல், உயிரையும் சொத்தையும் காக்கும் வேலைகள் தவிர மற்றவற்றை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற அர்த்தத்தில் சட்டக் கருத்து கொடுக்கத் தொடங்கினார். அதற்கப்புறம்தான் கட்சிகள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு பேரம் பேசப் பழகின. 1995-96இல் 21 நாள், 2013இல் 16 நாள், 2018-19இல் 35 நாள், 2025இல் 43. 2013இலிருந்து பெரிய ஷட்டவுன்கள் நீண்டுகொண்டே போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் போன தடவை தாங்கினார்களே, இந்தத் தடவையும் தாங்குவார்கள் என்ற எண்ணம் வாஷிங்டனில் படிந்துவிட்டது.

இந்த முறை சண்டை மருத்துவக் காப்பீட்டைப் பற்றி. ஒபாமா கேர் என்ற சட்டத்தின்படி நடக்கும் சந்தையில் தாங்களே காப்பீடு வாங்குகிறவர்களுக்கு 2021இல் கூட்டிக் கொடுத்த மானியம் 2025 டிசம்பரோடு முடிகிறது, அதை நீட்டித்தால்தான் ஓட்டு என்றார்கள் எதிர்க்கட்சியான டெமாக்ரட்டுகள். முதலில் அரசாங்கத்தைத் திற, அப்புறம் பேசலாம் என்றார்கள் டிரம்பின் குடியரசுக் கட்சியினர். காங்கிரஸின் மேலவையான செனட்டில் 60 ஓட்டு இல்லாமல் மசோதா நகராது, குடியரசுக் கட்சியிடம் இருந்தது 53. என் நிலையை மறைக்க விரும்பவில்லை: அந்த மானியம் தொடர வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறது, கம்பெனி இன்ஷூரன்ஸ் கிடையாது, அவர்களுக்கு இந்த மானியம் இருந்தால்தான் டாக்டரிடமே போக முடியும். ஆனால் இந்தப் பேரத்துக்குப் பணயமாக வைக்கப்பட்டவர்களைச் சனிக்கிழமைதோறும் நேரில் பார்த்த பிறகு, நல்ல காரணத்துக்காகச் செய்தாலும் இது செய்யத் தகுந்த காரியமா என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

ஏறக்குறைய ஏழு லட்சம் ஊழியர்கள் வேலைக்கு வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், கிட்டத்தட்ட அதே அளவு பேர் சம்பளமில்லாமல் தினமும் வேலைக்குப் போனார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு இருபது வருடத்துக்கும் மேல் சர்வீஸ், 35 நாள் ஷட்டவுனையும் பார்த்தவர், அதனால் முதல் வாரம் தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டு சாதாரணமாகத்தான் இருந்தார். விட்டுப்போன சம்பளத்தைப் பின்னால் கொடுத்தாக வேண்டும் என்று 2019இலேயே சட்டம் போட்டாயிற்று, அந்தத் தைரியம். அக்டோபர் முதல் வாரத்திலேயே வெள்ளை மாளிகையில் ஒரு வரைவுக் குறிப்பு தயாராகியிருக்கிறது, வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தச் சம்பளம் தானாகக் கிடைக்காது என்று வாதிடுகிறது என்ற செய்தி வந்தது. அடுத்த சில நாளில் நாலாயிரம் பேர்வரை நிரந்தரமாக வேலையை விட்டு அனுப்பும் நோட்டீஸ்கள் போயின. அதற்கப்புறம் அவர் வெளியே வருவதே குறைந்துவிட்டது. ஒருநாள் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கும்போது பார்த்தேன், என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டும் தேதியை நீட்டிக்க முடியுமா என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றார். இருபது வருடம் வேலை பார்த்த மனிதர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருக்காவது கடைசியில் பணம் வந்தது. அதே கட்டடங்களைத் துடைக்கிறவர்கள், வாசலில் காவல் நிற்கிறவர்கள், கேன்டீனில் சமைக்கிறவர்கள் எல்லாம் கான்ட்ராக்டில் இருக்கிறவர்கள், அவர்கள் அரசு ஊழியர் கணக்கில் வரவே மாட்டார்கள். கட்டடம் மூடினால் அவர்களுக்குக் கூலி இல்லை, திறந்த பிறகு பழைய கூலியும் இல்லை, 2019இலும் இல்லை, இந்த முறையும் இல்லை. எங்கள் பேன்ட்ரிக்கு அக்டோபர் மூன்றாவது வாரத்தில் ஒரு அம்மா வந்தார், எல் சால்வடார்க்காரர், அரசு அலுவலகம் ஒன்றில் இரவு நேரத் துப்புரவு வேலை. பையை வாங்கிக்கொண்டு, "எப்போது திறப்பார்கள், உங்களுக்கு ஏதாவது தெரியுமா" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் மட்டும் அந்த ஆறு வாரமும் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது வருடாந்தர ஒதுக்கீட்டில் வருவதில்லை, அரசியல் சாசனத்திலேயே அவர்களுக்குச் சம்பளம் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. கொஞ்சப் பேர் மனசாட்சியோடு வேண்டாம் என்று சொல்லிவைத்தார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 19இலிருந்து நவம்பர் 12 வரை ஒரு ஓட்டெடுப்புகூட நடத்தாமல் ஊருக்குப் போய்விட்டது. அரிசோனாவில் செப்டம்பர் 23இல் ஜெயித்த அடெலிடா கிரிஹால்வாவுக்குப் பதவிப் பிரமாணமே நவம்பர் 12இல்தான் நடந்தது, ஏழு வாரம் அந்தத் தொகுதிக்கு வாஷிங்டனில் குரல் இல்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது வயது இருக்கும், அக்டோபர் கடைசியில் வந்து, எனக்கு வேலை இல்லை, நேரம் இருக்கிறது, பை கட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டார். வாங்க என்று சேர்த்துக்கொண்டோம். அரிசி, கறுப்பு பீன்ஸ், டின் மீன், வேர்க்கடலை வெண்ணெய், குழந்தைகளுக்கு டயப்பர் என்று மூன்று மணி நேரம் குனிந்து நிமிர்ந்து அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தார். முடிந்து எல்லாரும் கிளம்பும்போது எங்கள் பேன்ட்ரியை நடத்தும் மூத்த அம்மா ஒருவர் அவர் பக்கத்தில் போய், மெதுவாக, "உனக்கும் ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன்" என்றார். அவர் கண் கலங்கி நின்றதைப் பார்த்துத்தான், கேட்க முடியாமல்தான் வேலை செய்ய வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவுக்கு முதலிலேயே புரிந்திருக்கிறது.

இதையெல்லாம்விட மோசமானது நவம்பர் 1இல் வந்தது. ஃபுட் ஸ்டாம்ப் என்று பழைய பெயரில் எல்லாரும் சொல்லும் ஸ்னாப் திட்டம், மாதாமாதம் ஒரு கார்டில் பணம் ஏறும், கடையில் சாப்பாட்டுச் சாமான் மட்டும் வாங்கலாம். நாடு முழுக்கச் சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர், எட்டில் ஒருவர், வெர்ஜீனியாவில் மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேல். இதற்கு முந்தைய எந்த ஷட்டவுனிலும் இந்தப் பணம் நின்றதில்லை, 2019இல்கூடப் பிப்ரவரிப் பணத்தை ஜனவரியிலேயே ஏற்றிவிட்டார்கள். இந்த முறை நவம்பர்ப் பணம் வராது என்று விவசாயத் துறை அறிவித்தது. அவசரகால நிதி என்று சில நூறு கோடி டாலர் இதற்காகவே ஒதுக்கிவைத்தது இருந்தும் அதை எடுக்க மாட்டோம் என்றார்கள். மாசசூசெட்ஸிலும் ரோட் ஐலண்டிலும் ரெண்டு ஃபெடரல் நீதிபதிகள் அக்டோபர் 31இல், அது சட்டப்படி சரியல்ல, அந்த நிதியைத் தொட்டே ஆக வேண்டும் என்ற அளவில் சொன்னார்கள். சரி, பாதியாவது வரும் என்றது விவசாயத் துறை. நவம்பர் 6இல் ரோட் ஐலண்ட் நீதிபதி முழுசாகக் கொடு என்றார். சில மாநிலங்கள் அன்றிரவே முழுப் பணத்தையும் கார்டில் ஏற்றிவிட்டன. மறுநாள் இரவு உச்ச நீதிமன்றத்தில் அந்த உத்தரவுக்குத் தற்காலிகத் தடை விழுந்தது. அதற்கடுத்த நாள், கொடுத்ததைத் திருப்பிச் சரிசெய்யுங்கள் என்று மாநிலங்களுக்கு விவசாயத் துறையிலிருந்து கடிதம்.

நான் இதை நாலு வரியில் எழுதிவிட்டேன். மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு கடையில் பில் போடும் இடத்தில் நிற்கும் ஒரு தாய்க்கு, கார்டில் இருக்கிறதா இல்லையா, இருந்தால் நாளைக்கும் இருக்குமா என்பதே அந்த வாரம் தெரியாது. எங்கள் வெர்ஜீனியாவில் அப்போது ஆளுநராக இருந்த கிளென் யங்கின், குடியரசுக் கட்சிக்காரர்தான், அவசரநிலை அறிவித்து மாநிலப் பணத்திலிருந்து வாராவாரம் ஏற்ற ஏற்பாடு செய்தார். அதற்காக அவருக்கு மனமார நன்றி சொல்வேன், வேறு பல விஷயத்தில் அவரோடு ஒத்துப்போகாதவன் நான். அப்படியிருந்தும் நவம்பர் முதல் சனிக்கிழமை எங்கள் வாசலில் கார் வரிசை மெயின் ரோடுவரை போய்விட்டது, பத்து மணிக்கெல்லாம் அரிசி தீர்ந்துவிட்டது, எங்களில் ரெண்டு பேர் கடைக்கு ஓடிப்போய்ச் சொந்தக் காசில் மூட்டை தூக்கி வந்தோம்.

எப்படி முடிந்தது என்பதைக் கவனியுங்கள். விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்துச் சோர்ந்து லீவு போடத் தொடங்கியதும், நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க உத்தரவு வந்தது. நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை இரவு, செனட்டில் டெமாக்ரட் பக்கத்திலிருந்து எட்டுப் பேர் கட்சி நிலையிலிருந்து விலகி வந்து ஓட்டுப் போட்டார்கள், 60க்கு 40. 2019இலும் இப்படித்தான்: ஜனவரி 25 காலையில் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்துக்குப் போகும் விமானங்கள் ஆள் பற்றாக்குறையால் நிறுத்தி வைக்கப்பட்டன, அன்று மதியமே டிரம்ப் திறக்கச் சம்மதித்தார். விமானம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சாப்பாட்டு வரிசை நாலு வாரம் நீண்டபோது வராத அவசரம், விமானங்களைக் குறைத்த மூன்றாம் நாள் வந்தது. ரெண்டு வரிசையையும் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது ஆறவில்லை.

எங்கள் மாநிலத்து ரெண்டு செனட்டர்களும் டெமாக்ரட்டுகள். டிம் கெயின் அந்த எட்டுப் பேரில் ஒருவர், வேலைநீக்க நோட்டீஸ்களை ரத்து செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை வாங்கிக்கொண்டு ஆதரித்தார். மார்க் வார்னர் எதிர்த்தார். அந்த வாரம் எங்கள் தமிழ் நண்பர்கள் குழுவில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதம், கெயின் விலைபோய்விட்டார் என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அவர் செய்தது சரியென்றே பட்டது. எதிர்வீட்டுக்காரருக்குச் சம்பளம் வந்தது அதனால்தான், நோட்டீஸ் வாங்கிய ஆட்களுக்கு வேலை திரும்பியதும் அதனால்தான். மானியம் தொடரவில்லை என்பதும் உண்மை. கொடுத்த வாக்குப்படி டிசம்பர் 11இல் செனட்டில் ஓட்டெடுப்பு வைத்தார்கள், 51-48, தேவையான 60 வரவில்லை, வருடக் கடைசியோடு மானியம் முடிந்துபோனது. மேலே சொன்ன கடைக்காரக் குடும்பத்தில் ஜனவரியில் கணவனுக்கும் மனைவிக்கும் காப்பீட்டை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் தம்பி இங்கே எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். குடியுரிமை, விசா வேலைகளில் பெரும்பகுதி விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவதால் நிற்கவில்லை. ஆனால் எச்1பி மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறையில் கம்பெனி வாங்க வேண்டிய எல்சிஏ என்ற ஒப்புதல் அக்டோபர் முழுக்கக் கிடைக்கவில்லை, மாதக் கடைசியில்தான் அந்தத் தளம் திறந்தது. வேலை மாற வேண்டியவர்கள், வேலை போய், வேறு வேலை தேட இருக்கும் 60 நாள் கெடுவில் இருந்தவர்கள் தவித்துப்போனார்கள். அடுத்த முறை செப்டம்பர் நெருங்கும்போது எல்சிஏவை முன்கூட்டியே முடித்து வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை என்று எழுதவே கஷ்டமாக இருக்கிறது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் புது பட்ஜெட் தாமதமானால் பழைய பட்ஜெட் அளவிலேயே பணம் தானாகத் தொடரும், அலுவலகம் எதுவும் மூடாது, அரசியல்வாதிகள் எத்தனை மாதம் வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாம். நவம்பரில் நிறைவேறிய சட்டத்தில் ஸ்னாப்புக்கு 2026 செப்டம்பர் 30 வரை பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் என்ன என்று கேட்டு, விஸ்கான்சின் மாதிரி ஒரு சட்டம், எல்லாவற்றுக்கும் முடியாவிட்டால் அந்த உணவுக் கார்டுக்காவது போடுங்கள் என்று கெயினுக்கும் வார்னருக்கும் எங்கள் தொகுதி உறுப்பினருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். எங்கள் பேன்ட்ரியில் பை கட்டுகிறவர்கள் பதினோரு பேர் அதில் கையெழுத்துப் போட்டார்கள், அன்றைக்குப் பை வாங்க வந்தவர்களில் சிலரும் கேட்டு வாங்கிப் போட்டார்கள்.