தாத்தா காலத்து அக்ஃபா கிளிக் 3 கேமராவில் இப்போதும் படம் எடுக்க முடியுமா?

முடியும். ஷோகேஸில் வைத்துவிடாதீர்கள், ஃபிலிம் போட்டு எடுங்கள்.

பரணில் கிடைத்ததாகவும், கேமரா கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இது பொம்மை சார், அழகுக்கு வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையின் முகம் இன்று மிச்சமிருக்கிறதென்றால் அதற்கு இந்தக் கேமராதான் காரணம். அதைப் பொம்மை என்றால் எனக்குக் கோபம் வரும்.

முதலில் அது என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் அக்ஃபா நிறுவனம் 1950-களின் கடைசியில், புகைப்படக்கலை தெரியாதவர்களுக்காகக் கொண்டுவந்த வரிசை கிளிக். அங்கே கிளிக் 1, கிளிக் 2 வந்தன. நம் ஊரில் பரவிய கிளிக் 3-ஐ இங்கே பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்தது. பிளாஸ்டிக் உடம்பு, எளிய லென்ஸ், ஒரே ஷட்டர் வேகம். ஃபோகஸ் திருப்ப வேண்டியதில்லை, பேட்டரி கிடையாது. வெயில், மேகம் என்று படம் போட்ட ஒரு சின்ன விசை, அவ்வளவுதான். 120 என்ற ஃபிலிம் வகையில் ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். இந்த 120 ஃபிலிம் 1901-ல் கோடக்கின் பிரௌனி 2 கேமராவுக்காக வந்தது. இன்றும் செய்கிறார்கள், விற்கிறார்கள். அதனால்தான் உங்கள் கேமராவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கேமராக்களுக்கு இப்போது ஃபிலிமே கிடைப்பதில்லை.

எங்கள் வீட்டில் இதை வைத்திருந்தது என் பெரிய அத்தை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். எழுபதுகளின் தொடக்கத்தில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினார். ஒரு பெண் கேமரா வாங்குவதா என்று வீட்டில் முணுமுணுப்பு இருந்ததாம். அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊரில் ஃபோட்டோ என்றால் பஸ் ஏறி டவுன் ஸ்டூடியோவுக்குப் போய், திரைக்கு முன்னால் விறைத்து நிற்பதுதான். ஆம்பிளைகள் போனார்கள், கல்யாணமான புதிதில் ஜோடியாகப் போனார்கள். ஆச்சியும் மற்றப் பெண்களும் எங்கே போவது? யாரோ ஒரு ஆள் முன்னால் உட்கார ஆச்சிக்குக் கூச்சம். ஃபோட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பேச்சு வேறு. அத்தை கையில் கேமரா வந்த பிறகு அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது, ஏனென்றால் எடுப்பது சொந்த மகள்.

அத்தை எடுக்கும் முறையைச் சொன்னால் உங்களுக்கும் உதவும். கொடிக்கயிறு ஒன்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். ஒரு முனையை உட்காரும் ஆளிடம் கொடுத்துவிட்டு முடிச்சு வரும் இடத்தில் தான் நிற்பார். அதற்கும் கிட்டே போனால் முகம் மங்கும் என்பது அவருக்குத் தெரியும். அப்புறம் வெயில். மொட்டை மாடியில் காலை ஒன்பது மணி வாக்கில், வெயில் தன் முதுகில் விழும்படி நின்றுகொள்வார். என்னை எடுக்கப் பழக்கியபோதும் அதைத்தான் சொன்னார்: "ஏலே, முழங்கைய விலாவோட சேத்து வை. மூச்சப் பிடி. அமுக்குத மாதிரி இருக்கக் கூடாது, தானா அமுங்குத மாதிரி இருக்கணும்." ஷட்டர் வேகம் நொடியில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். கை ஆடினால் படமும் ஆடிவிடும். இதைப் பொம்மை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கையை ஆட்டி எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டியவர்கள்.

ரோல் முடிந்ததும் அரங்கு என்று நாங்கள் சொல்லும் உள்ளறைக்குள் போய், இருட்டில் பின்பக்கத்தைத் திறந்து, கறுப்புத் தாளை இறுக்கிச் சுற்றி, நுனியில் இருக்கும் பசைப்பட்டையை நாக்கால் நக்கி ஒட்டுவார். சில நேரம் அந்த நக்கும் வேலையை எனக்குத் தருவார். தபால் தலைப் பசை மாதிரி லேசாக இனிக்கும். ஃபிலிம் சில சமயம் ஊட்டியில் செய்த 'இந்து'. இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. பரோடாவில் செய்த கேமரா, நீலகிரியில் செய்த ஃபிலிம், கழுவிப் பிரிண்ட் போட்டது எங்கள் டவுன் ஸ்டூடியோ. அந்த ஊட்டித் தொழிற்சாலை மூடிப்போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆச்சி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து சுளகில் அரிசி புடைக்கும் ஒரு படம் இருந்தது. நெகட்டிவ் அளவிலேயே போட்ட பிரிண்ட், ஓரம் நெளிநெளியாக வெட்டியது. வளர்த்த காதில் பாம்படம் தொங்கும். நடுவில் நல்ல துல்லியம், நான்கு மூலையும் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். எளிய லென்ஸ் அப்படித்தான் வரையும். லென்ஸ் சோதனைப் படங்களைக் காட்டி என்னிடம் வாதாட வருபவர்களுக்கு இப்போதே சொல்கிறேன்: மூலை கலங்கும் என்பது எனக்கும் தெரியும். ஆச்சி மூலையில் உட்காரவில்லை.

அந்தப் படத்துக்கு நடந்ததை நான் எங்கேயாவது சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆச்சி இறந்ததும் உறவுக்காரர் ஒருவர் பெரிதாக்கிச் சட்டம் போடுகிறேன் என்று ஆல்பத்திலிருந்து அதைப் பிய்த்துக்கொண்டு போனார். பின்னால் கறுப்புத் தாளும் ஒட்டிக்கொண்டே போனது. திரும்பி வந்தது வேறு ஒரு படம். திண்ணை இல்லை, சுளகு இல்லை. கழுத்துக்குக் கீழே வெட்டி, பின்னால் நீல நிறம் அடித்து, தொங்கிய காதைச் சின்னதாக்கி, பாம்படத்தை அழித்துவிட்டு ஒரு கம்மலை வரைந்திருந்தார்கள். "கிராமத்துக் கிழவி மாதிரி இருந்துச்சு, டச்சப் பண்ணச் சொன்னேன்" என்றார். கிராமத்துக் கிழவிதானே அவள்! அசல் பிரிண்ட் எங்கே என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஆல்பத்தைப் பிய்க்கிற ஒருவர் இருக்கிறார். திருப்பிக் கேட்டால் "ஒரு ஃபோட்டோவுக்கா இவ்வளவு பேச்சு" என்பார்கள். இப்போது கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்களில் தலையை மட்டும் வெட்டி மேகத்தில் ஒட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரைந்த கம்மல்தான் கண்ணில் வரும்.

நல்ல வேளையாக அத்தை நெகட்டிவ்களை வெண்ணெய்த் தாளில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்தார். அதில் அந்த நெகட்டிவும் இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஸ்கேன் செய்து பார்த்தேன். இந்தச் சதுர நெகட்டிவின் பரப்பு சாதாரண 35 மி.மீ. நெகட்டிவைப் போல் மூன்றரை மடங்கு. திரையில் பெரிதாக்கியபோது சுளகிலிருந்து எழும்பிய உமி தெரிந்தது, பாம்படத்தின் முடிச்சு தெரிந்தது. அந்தப் பழைய சின்னப் பிரிண்டில் இது எதுவும் தெரிந்ததில்லை. பொம்மை கேமரா எடுத்த படம் அது.

டிஜிட்டல் வேண்டாம் என்று சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பேரப்பிள்ளைகளை நானும் மொபைலில்தான் எடுக்கிறேன். செலவு ஆகும் என்பதும் உண்மை: ரோல், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் 12 படத்துக்குக் கணிசமான காசு. அதனால்தான் எதை எடுப்பது என்று யோசித்து எடுப்பீர்கள்.

சரி, உங்கள் கேமராவுக்கு வருகிறேன். ஃபிலிம் போடாமல் பின்பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தபடி ஷட்டரை அமுக்குங்கள், ஒரு கணம் வெளிச்சம் திறந்து மூட வேண்டும். மாட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய் விடாதீர்கள், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். லென்ஸில் பூஞ்சை இருந்தால் மென்மையான துணியால் துடையுங்கள், சுரண்ட வேண்டாம். ஃபிலிம் 100 வேகத்தில் (வெளிச்சத்தைப் பிடிக்கும் திறனைத்தான் ஃபிலிமில் வேகம் என்பார்கள்) கறுப்பு வெள்ளை வாங்குங்கள், ஃபோமா 100 அல்லது 125 வேகமுள்ள இல்ஃபோர்ட் எஃப்பி4 போதும். 400 இந்தக் கேமராவின் மெதுவான ஷட்டருக்கு வெயிலில் அதிகம். பின்னால் எண் பார்க்கும் சிவப்பு ஜன்னல் மேல் கறுப்பு டேப் ஒட்டி, சுற்றும்போது மட்டும் நிழலில் விலக்கிப் பாருங்கள். இன்றைய ஃபிலிம் சிவப்பு வெளிச்சத்தையும் பிடிக்கும். ஒரு படம் எடுத்ததும் உடனே அடுத்த எண்ணுக்குச் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று விழும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளே ஒரு வெறும் ஸ்பூல், அதாவது ஃபிலிம் சுற்றும் உருளை, இருக்கிறதா என்று பாருங்கள். புது ஃபிலிம் அதில்தான் போய்ச் சுற்றிக்கொள்ள வேண்டும். பரணில் கிடந்த கேமராக்களில் பலமுறை அது காணாமல் போயிருக்கும். 120 ரோல் கழுவும் எந்த லேபிலும் வெறும் ஸ்பூல்கள் குப்பைக்குப் போகக் கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள்.