எந்திரத்தில் டைட்டானியம் வெட்டும்போது, வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைக் கொட்டாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். மிகக் குறைந்த அளவு எண்ணெயைக் காற்றோடு கலந்து, புகை போல வெட்டுமுனையில் மட்டும் பீய்ச்சுவது ஒரு வழி. வழக்கமான முறையில் நிமிடத்துக்குப் பல லிட்டர் கூலன்ட் ஓடும். இதில் மணிக்குச் சில பத்து மில்லிலிட்டர் போதும். பெரும்பாலும் தாவர எண்ணெய்தான். தோசைக்கல்லில் எண்ணெயை ஊற்றாமல், வெங்காயத்தால் தொட்டுத் தேய்ப்பது போல.

சரி, டைட்டானியத்தில் ஏன் இது சிக்கல்? அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. சாதாரண எஃகில் வெப்பத்தின் பெரும்பகுதி வெட்டி விழும் உலோகச் சீவலோடு போய்விடும். இங்கே டூலின் நுனியிலேயே தங்கிவிடுகிறது. எண்ணெய்ப் புகை உராய்வைக் குறைக்கும், ஆனால் உருவான வெப்பத்தை அவ்வளவாக எடுக்காது. அதனால் சில இடங்களில் −196 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனைச் செலுத்துகிறார்கள். அது ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும், சுத்திகரிக்கக் கழிவு எதுவும் மிஞ்சாது. மூடிய அறையில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் காற்றோட்டம் கட்டாயம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தொழிலாளரின் தோலும் நுரையீரலும். பழைய கூலன்ட்டில் பாக்டீரியா வளரும், தோல் அழற்சி வரும். எண்ணெய்ப் புகைக்கும் உறிஞ்சி வைத்தே ஆக வேண்டும்.

"கூலன்ட் எவ்வளவு அதிகமோ டூலுக்கு அவ்வளவு நல்லது" என்பது தவறு: சுழலும் டூலால் வெட்டும் மில்லிங்கில், ஒவ்வொரு சுற்றிலும் சூடாகிக் கூலன்ட் பட்டுச் சட்டெனக் குளிரும் கார்பைடு (மிகக் கடினமான டூல் பொருள்) முனையில் விரிசல் விழும்.