கிரானைட் மேடையில் ஒரு ரேடியோ கிங்

கேள்வி: அண்ணா, நான் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறேன். இங்கே ஒரு பெரியவர் ஐம்பது வருஷமாக வீட்டு நிலவறையில் வைத்திருந்த ஸ்லிங்கர்லாண்ட் கம்பெனியின் ரேடியோ கிங் ஸ்நேரை (அடியில் கம்பி கட்டிய டிரம்மை) விற்கிறார். 14 அங்குலம், மர ஷெல் (டிரம்மின் வட்டக் கூடு). வெள்ளை முத்து உறை மஞ்சளாகிவிட்டது. ரிம்மில் துரு. உள்ளே ஒட்டியிருக்கும் மர வளையம் ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போயிருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: துருவும் மஞ்சளும் இருக்கட்டும், அவற்றை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஷெல்லைப் பாருங்கள். லக் (திருகு ஏறும் பிடி), ரிம் (ஹெட்டை அழுத்தும் உலோக வளையம்), ஸ்ட்ரெய்னர் (ஸ்நேர் கம்பியை இறுக்கும் பிடி) எது இல்லாவிட்டாலும் தேடினால் கிடைக்கும். அந்த ஷெல் கிடைக்காது. சிகாகோவில் அதைச் செய்தவர்கள் ஒரே மேப்பிள் பலகையை ஆவியில் வேகவைத்து வட்டமாக வளைத்தார்கள். இன்றைய ஷெல்கள் பெரும்பாலும் மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டியவை. ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூப்பா வாசித்துப் பெயர் வாங்கித் தந்த அந்தச் சத்தத்தில் பாதி அந்த ஒற்றைப் பலகையில் இருக்கிறது என்பது என் கருத்து.

வளைத்த மரத்துக்கு எப்போதும் பழையபடி நிமிர வேண்டும் என்ற ஆசை உண்டு. மேலும் கீழும் வளையம் ஒட்டியது அதை அடக்கத்தான். அதனால் ஒரு டேப் எடுத்துப் போங்கள். ஹெட்டை, அதாவது இழுத்துக் கட்டிய தோலை, கழற்றச் சொல்லி, ஷெல்லின் குறுக்கே நான்கு திசையில் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று 2 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் நான் வாங்குவேன். 4, 5 என்று போனால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன். பிறகு உள்பக்கம் பலகையின் இரண்டு முனையும் சாய்வாகச் சேர்கிற கோட்டைத் தேடி, அதன்மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. நகம் மாட்டினால் இணைப்பு திறக்க ஆரம்பித்திருக்கிறது. அது வளையம் விட்டதைவிடப் பெரிய வேலை.

வளையம் விட்டது எனக்குப் பயம் தரவில்லை. உங்கள் ஊர்க் குளிரில் ஹீட்டர் ஓடும் வீட்டில் மரம் காய்ந்து சுருங்கும், பழைய பசை விடும். அந்தப் பசை நம் ஊர் ஆசாரிகள் காய்ச்சும் வச்சிரம்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்து எடுத்தால் இளகி வந்துவிடும். ஒரு நாள் காயவிட்டு, மறுபடி வச்சிரமே போடுங்கள். பழைய வச்சிரத்தின் மீது இன்றைய வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. சின்ன கிளாம்ப் எட்டுப் பத்து வேண்டும். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு மரத்துண்டு வைத்து, ஒரே இடத்தில் முறுக்காமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மறுநாள் வரை தொடாதீர்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல வேண்டியது ஷெல்லின் விளிம்பைப் பற்றி. இரண்டு ஹெட்டையும் கழற்றி, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரெய்னரையும் எடுத்துவிட்டு, ஷெல்லை அதன் மேல் விளிம்பு கீழே படும்படி சமையலறை கிரானைட் மேடையில் வையுங்கள். விளக்கை அணையுங்கள். போன் டார்ச்சைப் போட்டு ஷெல்லுக்குள் வைத்துவிட்டு, கண்ணை மேடை மட்டத்துக்குக் கொண்டுவந்து சுற்றிவாருங்கள். மேல் விளிம்பில் எங்கேயும் வெளிச்சம் கசியக் கூடாது. கவிழ்த்து, ஸ்நேர் கம்பி போகும் கீழ் விளிம்பைப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு இடத்தில், பிறை போல, மெல்லிய வெளிச்சம் தெரியும். அது பழுது இல்லை! ஸ்நேர் கம்பி ஹெட்டோடு படிந்து உட்காருவதற்காக வேண்டுமென்றே இழைத்த பள்ளம். அதற்கு ஸ்நேர் பெட் என்று பெயர்.

எனக்கு முப்பது வயதில் இது தெரியாது. கல்கத்தா கிளப்புகளில் வாசித்த ஒருவரின் மகன் அப்பாவின் ரேடியோ கிங்கை என்னிடம் நம்பிக் கொடுத்தார். விளிம்பு சமமாக இல்லை என்று நினைத்து, கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, ஷெல்லைக் கவிழ்த்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். வெளிச்சம் நின்றது. டிரம்மும் நின்றது. ஸ்நேர் கம்பி ஹெட்டில் படியவே இல்லை, தட்டினால் காய்ந்த ஓலை மாதிரி சலசலத்தது. அரைவட்ட அரத்தால் பள்ளத்தைத் திரும்ப வெட்டுவதற்கு இரண்டு வாரம் தைரியம் வரவில்லை. வெட்டினேன், வாசிக்கும்படி ஆனது. ஆனால் நான் தேய்த்துப் போட்ட மரத்தை யாரும் திருப்பி ஒட்ட முடியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு வலிக்கிறது. ஆகவே உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள்.

உறையை மாற்ற வேண்டாம். அது செல்லுலாய்ட். ஒரு ஓரத்தைத் துணியால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வரும், ஏனென்றால் செல்லுலாய்டில் கற்பூரம் கலந்திருக்கிறது. அந்த வாசனை வந்தால் பழைய உறையேதான். ஒரு லக்கைக் கழற்றினால் அதன் அடியில், வெளிச்சம் படாத இடத்தில், முதல் நாள் வெள்ளை அப்படியே இருக்கும். நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிடுவேன். அசிட்டோன், தின்னர் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது, கரைந்துவிடும். நெருப்பும் ஆகாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். ஈரத் துணி போதும்.

கடைசியாக, கடையில் புது 14 அங்குல ஹெட் ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். ஷெல்மேல் வைத்து ஒரு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் ஹெட் கடைகளுக்கு வந்தது 1957 வாக்கில்தான். அதற்கு முந்தைய ஷெல்கள் கன்றுத் தோலுக்காகச் செய்தவை. அந்தத் தோலை நனைத்து மர வளையத்தில் சுற்றுவார்கள், ஷெல் அளவு முன்பின் இருந்தாலும் உட்கார்ந்துவிடும். இன்றைய உலோக வளையம் அப்படி விட்டுக்கொடுக்காது. ஸ்நேர் கம்பியும் சாதாரணமானது பொருந்தாமல் போகலாம். பல ரேடியோ கிங்கில் கம்பி ஷெல்லுக்கு வெளியே வரை நீண்டு, இரண்டு பக்கமும் தாங்கியில் மாட்டும். நீளமான கம்பி என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சிகாகோவில் படிக்கும் என் தம்பிக்கு ஒரு லுட்விக் ஜாஸ் ஃபெஸ்டிவல் ஸ்நேர் கிடைத்திருக்கிறது. '1963, ரிங்கோ வைத்திருந்த அதே மாடல்' என்று விற்பவர் சொல்கிறாராம். எப்படி உறுதி செய்வது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வைத்திருந்தது ஜாஸ் ஃபெஸ்டிவல்தான், கறுப்புச் சிப்பி உறை போட்டது. 1964 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீட்டில்ஸ் வாசித்தபின் லுட்விக் டிரம்முக்கு அடிதடி. அதனால் 63, 64 என்ற வருஷத்துக்கே தனி விலை. வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். ஷெல்லில் கம்பெனிப் பெயர் போட்ட பேட்ஜைப் பார்க்கச் சொல்லுங்கள். லுட்விக் பேட்ஜில் எண் போட ஆரம்பித்தது 1963இன் கடைசியில். எண் இல்லாத பழைய பேட்ஜ் என்றால் அதற்கு முந்தையது. எண் இருந்தால், அது மட்டும் வருஷத்தைச் சொல்லாது, பேட்ஜ்களை வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை. ஷெல்லுக்குள் சிவப்பு மையில் தேதி முத்திரை இருக்கிறதா என்று தேடுவது நல்லது. எல்லாவற்றிலும் இருக்காது. இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ரிம்மில் ஒரு காந்தத்தை வைத்தும் பார்க்கலாம். ஒட்டாவிட்டால் குரோமுக்கு அடியில் பித்தளை, அது பழைய ரிம்முக்கு அடையாளம். பேட்ஜை மட்டும் கழற்றிப் பார்க்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். காற்றுத் துளையில் விரித்து அடித்த குழல்தான் அதைப் பிடித்திருக்கிறது. ஒருமுறை எடுத்தால் பழையபடி உட்காராது.

கேள்வி: பழைய ஸ்நேர், கம்பியைத் தளர்த்திவிட்டாலும் கிணுகிணு என்று உள்ளே ஏதோ அதிர்கிறது.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: லக்குக்குள் சுருள் வில் இருக்கும், அதுதான். லக்கைக் கழற்றி வில்லைச் சுற்றி கொஞ்சம் பஞ்சு அடைத்து மாட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பங்குக் கோயில் பேண்டில் இங்கிலாந்தில் செய்த பழைய பிரிமியர் மர ஸ்நேர் ஒன்று உண்டு. ரிம்மை இறுக்கும் நீளத் திருகான டென்ஷன் ராட் இரண்டு தொலைந்துவிட்டன. புது ராட் வாங்கினால் இரண்டு சுற்றுக்குமேல் போகவில்லை. 'புதுசா மரை வெட்டிடலாம்' என்கிறார் மெக்கானிக். வெட்டலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஐயா, தயவுசெய்து வெட்டவிடாதீர்கள். இன்று கடையில் கிடைக்கும் ராட் பெரும்பாலும் அமெரிக்க மரை, அங்குலத்துக்கு 24 சுற்று. பழைய பிரிமியரில் இருப்பது விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் மரை. விட்டமும் வேறு, மரையின் கோணமும் வேறு. அமெரிக்க மரை 60 பாகை, விட்வொர்த் 55. முறுக்கி ஏற்றினால் லக்கின் மரை அரைபட்டு, தொலைந்தது இரண்டு என்பது எட்டாகிவிடும். மீதி இருக்கும் நல்ல ராட் ஒன்றைக் கழற்றி, துணியில் சுற்றி, உங்கள் ஊரில் நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். படகு எஞ்சின் வேலை பார்ப்பவர்களுக்கு விட்வொர்த் புதிதல்ல. அதே நீளம், அதே சதுரத் தலை வருகிற மாதிரி எஃகில் இரண்டுக்குப் பதில் நான்காகக் கடைந்து வாங்குங்கள், இரண்டு கையிருப்பில் இருக்கட்டும். மாட்டும்போது கையாலேயே கடைசி வரை போகிறதா என்று பாருங்கள், சாவி அதற்கப்புறம். போகவில்லை என்றால் எந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.