கடைவாய்ப் பல் போனால்: வாசகர் கேள்விகள்

கேள்வி (தக்கலை): அம்மாவுக்கு 61 வயது. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப்பல் இல்லை. மற்ற பற்கள் நன்றாக இருக்கின்றன. கழற்றி மாட்டும் செட் செய்து கொடுத்தோம். மெல்லும்போது பின்பக்கம் அமுங்குகிறது, அடியில் சோறு புகுந்து ஈறு புண்ணாகிறது என்று டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறார். வற்புறுத்திப் போடச் சொல்லலாமா?

பதில்: வற்புறுத்த வேண்டாம். அம்மா வாயை மூடும்போது மேலும் கீழும் எத்தனை ஜோடிப் பற்கள் முட்டுகின்றன என்று முதலில் எண்ணுங்கள். முன்பற்கள், கோரைப்பற்கள், முன்கடைவாய்ப் பற்கள் எல்லாம் இருந்தால் 10 ஜோடி வரும். அதுவே பலருக்கு அன்றாடச் சாப்பாட்டுக்குப் போதும் என்பது 1980களில் நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து தெரிந்த விஷயம். சம்பா அரிசிச் சோறும், மசித்த மரச்சீனியும், மீன் குழம்பும் உள்ளே போய்விடும். முந்திரிக்கொத்துதான் தகராறு செய்யும், உடைத்துக் கொடுங்கள்.

செட் அமுங்குவது செய்தவரின் குறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னால் கம்பி பிடிக்கப் பல் இருக்கிறது, பின்னால் இல்லை. பின்பாதி ஈறின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பல்லை விட ஈறு பல மடங்கு அமுங்கும். போதாததற்கு, பல் எடுத்த இடத்தில் எலும்பு வருடக்கணக்கில் கரையும். இடையில் உண்டாகும் அந்த இடைவெளியில்தான் சோறு புகுகிறது. செட் ஆட ஆட, கம்பி பிடித்த பல்லும் சேர்ந்து அசைபடும். அடிப்பகுதியை ஈறுக்கு ஏற்ப நிரப்பிக் கொடுக்கும் ரீலைன் செய்தால் ஆட்டம் குறையும். பிளாஸ்டிக்குக்குப் பதில் உலோகச் சட்டம் போட்ட செட், பல்லின்மேல் சிறு தாங்கியோடு உட்காருவதால், இன்னும் நிலையாக நிற்கும்.

ஆனால் சில நேரம் பல் கட்டத்தான் வேண்டும். மெல்ல முடியாமல் காய்கறி, இறைச்சியை ஒதுக்குகிறார். கல்யாண விருந்தில் உட்காரவே கூச்சப்படுகிறார். மேல் கடைவாய்ப்பல் எதிர்ப்பல் இல்லாமல் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. இருக்கும் முன்கடைவாய்ப் பற்கள் ஆடுகின்றன. இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். செட்டின் பின்பக்கம் ஒரு பக்கத்துக்கு ஓர் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்துத் தாங்கல் கொடுத்தாலே அமுங்குவது பெருமளவு நிற்கும்.

கேள்வி (மார்த்தாண்டம்): எனக்கு வயது 34. கீழே ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. பிரிட்ஜா, இம்ப்ளான்ட்டா?

பதில்: இரு பக்கத்துப் பற்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிரிட்ஜ் என்பது அந்தப் பற்களை ராவி, அவற்றின்மேல் உறைபோல் மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்க வைப்பது. அவை சொத்தையில்லாத நல்ல பற்கள் என்றால், பிரிட்ஜுக்காக ராவுவது எனக்குச் சம்மதமில்லை, இம்ப்ளான்ட் நல்லது. ஏற்கெனவே கேப் போட்டோ பெரிதாக அடைத்தோ இருந்தால் பிரிட்ஜே போதும், வேலையும் சீக்கிரம் முடியும். கீழ்த்தாடை இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்ட வழக்கமாக மூன்று மாதம் ஆகும். ஸ்கேன் எடுக்காமல் இறங்க வேண்டாம், அடியில் உணர்வு நரம்பு ஓடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமலோ, பீடி, சிகரெட் பழக்கத்தோடோ வைத்தால் ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடும். ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம்: பக்கத்துப் பல் சாய்ந்துவிட்டால் இரண்டுக்குமே இடம் போதாது.

கேள்வி (குளச்சல்): மேல்வாயில் அண்ணத்தை மூடும் செட் போட்டிருக்கிறேன். சாளை மீன் சாப்பிடப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். அண்ணம் மூடியிருப்பதால் முள் குத்துவது தெரியாது, தெரியாமலே விழுங்கிவிடலாம். கையால் முள் எடுத்து, சிறு துண்டாக, பேசாமல் சாப்பிடுங்கள். கவளத்தை இரண்டு பக்கமும் பிரித்து மென்றால் செட்டும் தூக்காது. இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். வெந்நீர் பட்டால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். பற்பசை அதைக் கீறும், சோப்பும் மென்மையான பிரஷும் போதும்.