அம்மம்மாவின் தோல் கைப்பை பூஞ்சணம் பிடித்து விறைத்துவிட்டது, எண்ணெய் தடவினால் சரியாகுமா?

சரியாகாது. தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் திரும்பக் குசினியில் வைத்துவிடுங்கள். பல வருடமாக அலுமாரியில் கிடந்த பை, மேலே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, பிடி விறைத்துவிட்டது, பித்தளைக் கொளுக்கி பச்சை பிடித்திருக்கிறது என்று திருகோணமலையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். இதைவிட மோசமான பைகள் சரியாகித் திரும்பப் பாவனைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெயில் ஊறவைத்த பைகளைத்தான் என்னால் மீட்க முடியவில்லை.

நானும் திருகோணமலைதான், உவர்மலைப் பக்கம். முதலில் கைவைத்தது அம்மாவின் பையில். ஆசிரியையாக வேலை கிடைத்த புதிதில் கொழும்பு புறக்கோட்டையில் வாங்கியது, நல்ல தேன் நிறம். காய்ந்திருக்கிறதே என்று ஒரு பின்னேரம் முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்தேன். அன்றைக்குப் பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் நிறம் கறுத்துப்போனது. தொட்டால் பிசுபிசுத்தது. அந்த மாரியில் பை முழுக்கப் பூஞ்சணம் பூத்து, ஊசல் எண்ணெய் வாசமும் சேர்ந்துகொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் நிறம் திரும்ப வரவேயில்லை.

ஏன் அப்படி ஆனது என்பது பிறகுதான் விளங்கியது. தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். பதனிடும் இடத்திலேயே கொழுப்பைத் தண்ணீரோடு பால்போலக் கலந்து அந்த நார்களுக்குள் செலுத்திவிடுவார்கள். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி அசைய அதுதான் உதவுகிறது. காலப்போக்கில் ஈரமும் கொழுப்பும் குறைந்து நார்கள் ஒட்டிக்கொள்ளும்போது தோல் விறைக்கிறது. நாம் மேலே தடவும் எண்ணெய் ஒட்டிய நார்களைப் பிரிக்காது. இடைவெளிகளில் தேங்கும், தூசியைப் பிடிக்கும், காற்றுப்பட்டு ஊசிப்போகும், பூஞ்சணத்துக்கும் சாப்பாடாகும்.

இனி உங்கள் பைக்கு வருவோம். அந்த வெள்ளை உண்மையிலேயே பூஞ்சணமா என்று முதலில் பாருங்கள். தோலுக்குள் இருக்கும் கொழுப்பே சில வேளை வெளியே வந்து வெள்ளைப் படலமாக உறையும். தலைமுடி உலர்த்தும் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஓரத்தில் ஒரு சின்ன இடத்துக்கு மட்டும் சில விநாடி இளஞ்சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் அது கொழுப்பு. மெல்லிய துணியால் துடைத்தாலே போதும், பயப்பட ஒன்றுமில்லை. மறையாமல் பஞ்சுபோல அப்படியே இருந்தால் பூஞ்சணம்.

பூஞ்சணம் என்றால் பையை வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு முற்றத்துக்குக் கொண்டுபோய், காற்று உங்களைத் தாண்டி வெளியே போகிற பக்கம் நின்று, மெல்லிய பிரஷால் காய்ந்தபடியே தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் அது தோலின் துளைகளுக்குள் அழுந்திப் பரவும். உள்துணியை வெளியே இழுத்துத் தையல் மடிப்புகளையும் தட்டுங்கள், அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கும். அந்த பிரஷை வேறு எதற்கும் பாவிக்க வேண்டாம். பிறகு நிழலில், ஃபானின் காற்று மெதுவாகப் படும் இடத்தில், வாயைத் திறந்தபடி இரண்டு மூன்று நாள் வையுங்கள். வெயில் வேண்டாம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாவற்றையும் வெயிலில் காயப்போடச் சொல்வார்கள், துணிக்கும் அரிசிக்கும் அது சரி. பழைய தோல் ஈரமாக இருக்கும்போது சூடு பட்டால் சுருங்கிக் கடினமாகிவிடும். அப்படிச் சுருங்கியதைத் திரும்ப நீட்ட வழியில்லை.

எப்போது செய்வது என்பதும் எங்கள் ஊரில் முக்கியம். ஐப்பசியிலிருந்து தை வரை மழைக்காலம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினாலே தோலில் பூஞ்சணம் வளரும், மாரியில் எங்கள் வீடுகளுக்குள் அதற்கும் மேலேதான் இருக்கிறது. கச்சான் காற்று வீசும் நாட்களோ நேர்மாறு, ஈரமாக்கிய தோலைச் சடாரென்று உலர்த்தி வெடிக்க வைத்துவிடும். மழை விட்டுக் கச்சான் தொடங்காத மாசி, பங்குனிதான் நான் தண்ணீர் படும் வேலைக்கு வைத்திருக்கும் காலம். தட்டுவதையும் உலர்த்துவதையும் இப்போதே செய்யுங்கள், துடைக்கும் வேலை அதுவரை பொறுக்கட்டும்.

துடைக்கும் முன் பைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, துணிந்து துடைக்கலாம். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல், அதில் தண்ணீர் பட்ட இடமெல்லாம் கறையாக நிற்கும். அப்படியென்றால் உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ரோமம்போல மென்மையான ஸ்வேட் தோலில் தண்ணீரே வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரும் மெல்லிய பிரஷும் போதும்.

துடைப்பதற்கு எந்தச் சவர்க்காரமும் ஆகாது. பதனிட்ட தோல் இயல்பாகவே சற்று அமிலத் தன்மை உள்ளது, அதன் காரகாடித்தன்மை எண் (pH) 4, 5 அளவில் இருக்கும். உடுப்புச் சவர்க்காரமும் மேல் கழுவும் சவர்க்காரமும் 9, 10. அந்தக் காரம் பதனிட்ட சேர்மானத்தையே குலைக்கத் தொடங்கும். குழந்தைகளின் ஷாம்பு இரண்டு சொட்டை அரை லீற்றர் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி, நுரையை மட்டும் துணியில் எடுத்து வட்டமாகத் துடையுங்கள். அதன் பின் வெறும் வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை. பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் பெற்றோல் செட்டிலேயே கிடைக்கும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கடலோரத்துக் கிணறுகள் பல உவர்.

உப்பைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது நனைந்த ஒரு பையை, பல வருடம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய அம்மாவின் பை. அந்த வீட்டில் மிஞ்சிய சாமான்கள் கொஞ்சம்தான். எத்தனையோ முறை காயவைத்தும் ஒவ்வொரு மாரிக்கும் அது தானாக நனைகிறது, ஏனென்று தெரியவில்லை என்றார். தோலுக்குள் கடலுப்பு அப்படியே இருந்ததுதான் காரணம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும், காற்றுக் காய்ந்ததும் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் நார்களை நெருக்கி உடைக்கும். வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டுகளை அந்தத் தோலில் ஒற்றி, சற்று வைத்திருந்து எடுத்து, அடுத்த நாள் புதிய துண்டு வைத்து, மூன்று கிழமைக்கு மேல் செய்தோம். தோலின் நிறம் ஆழமாகிவிட்டது, அப்படியாகும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அடுத்த மாரியில் பை நனையவில்லை. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். உங்கள் பையும் மழை நாட்களில் மட்டும் ஈரமாகத் தெரிந்தால் பூஞ்சணத்தோடு உப்பையும் சந்தேகியுங்கள். கடற்கரையோர வீடுகளில் காற்றோடு வரும் உப்பே போதும்.

பித்தளையில் இருக்கும் பச்சை, செம்பும் தோலிலுள்ள கொழுப்பமிலமும் சேர்ந்து உண்டான மெழுகு மாதிரியான பொருள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற பழக்கத்தில் இங்கேயும் புளியைக் கையில் எடுக்காதீர்கள், அந்த அமிலம் பக்கத்துத் தோலை அரித்துவிடும். கடையில் வாங்கும் பித்தளை மினுக்கியும் தோலில் கறை விடும். கொளுக்கிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தடித்த மட்டையைச் செருகிவிட்டு, மூங்கில் பல்லுக்குத்தியால் பச்சையைச் சுரண்டி, காய்ந்த துணியால் தேய்த்தால் போதும். புதிதுபோல மின்னத் தேவையில்லை.

தையல் விட்டிருந்தால் மெஷினில் கொடுக்க வேண்டாம். மெஷின் ஊசி பழைய ஓட்டைகளுக்கு நடுவே புது ஓட்டைகள் போடும், பிறகு முத்திரையைக் கிழிக்கிற மாதிரி அந்த வரிசையிலேயே தோல் கிழியும். இரண்டு மொட்டை ஊசிகளை நூலின் இரு முனைகளிலும் கோத்து, பழைய ஓட்டைகளிலேயே இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறித் தைக்க வேண்டும். நூல் விஷயத்தில் இங்கே எல்லோரும் செய்கிற ஒன்று, வலை தைக்கும் நைலோன் நூலை எடுப்பது. எனக்கும் கடற்தொழில் செய்கிற மாமா ஒருவர் அன்போடு ஒரு சுருள் கொண்டுவந்து தந்தார், அறுந்தே போகாது என்றார். அறுந்து போகாததுதான் பிரச்சினை. பை இழுபடும்போது நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம், தோல் அறுந்தால் ஒன்றும் செய்ய இயலாது. தேன்மெழுகு தேய்த்த லினன் நூல் நல்லது, கிடைக்காவிட்டால் தடித்த பருத்தி நூலுக்கு நீங்களே மெழுகு தேய்த்துக்கொள்ளலாம். இந்த வேலையைச் சப்பாத்துத் தைக்கிற கைதேர்ந்த ஐயா ஒருவரிடம் கொடுத்தாலும் நல்லது, ஆனால் பழைய ஓட்டையில் கையால் தைத்துத் தரச்சொல்லிக் கேளுங்கள். சூப்பர் குளூ மட்டும் வேண்டவே வேண்டாம், அது கண்ணாடிபோல இறுகி ஓரத்தில் தோலை உடைக்கும்.

விறைத்த பிடிக்கு நான் செய்வது பொறுமையான வேலை. சுத்தமாக்கி உலர்த்திய பிறகு, நிறமில்லாத தோல் கிரீமை விரல் நுனியில் பட்டாணியளவு எடுத்துப் பிடி முழுவதற்கும் மெல்லியதாகத் தடவி, ஒரு நாள் விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுவேன். இரண்டாம் முறை தேவையா என்று ஒரு கிழமை கழித்துத்தான் பார்ப்பேன். தினமும் கொஞ்சம் மெதுவாக வளைத்துக் கொடுங்கள், வெடிப்புச் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். புதிது மாதிரி துவளாது. கையில் மாட்டக்கூடிய அளவுக்கு இளகினால் அதுவே நல்ல பலன். நிறமுள்ள சப்பாத்துப் பொலிஷ் போட்டால் சேலையில் ஒட்டும்.

தோலிலிருந்து செம்மண்போலத் தூள் உதிர்ந்தால் அது வேறு நோய். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பழைய தோலில் அமிலம் ஏறி நார்களே பொடியாகும் நிலை அது. அதற்குத் தண்ணீரும் கிரீமும் இன்னும் கெடுதல், பாவிக்காமல் சுற்றி வைப்பதுதான் வழி. அந்தக் காலத்தில் மதராஸ் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்கள் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போய், அங்கே மெருகேறிப் பொருட்களாயின. அம்மம்மா காலத்து இங்கிலாந்துப் பைகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சள் ஆவாரம்பூதான் ஞாபகம் வரும். வெட்டிய ஓரம் உள்ளேயும் பழுப்பாக இருந்தால் மரப்பட்டைப் பதன், நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோமியப் பதன். குரோமியத் தோல் ஈரத்தையும் சூட்டையும் கூடத் தாங்கும்.

திரும்ப அலுமாரியில் வைக்கும்போது பொலித்தீன் பை வேண்டாம், பழைய பருத்தித் தலையணை உறை நல்லது. உள்ளே வெள்ளைக் கடதாசியைக் கசக்கி நிரப்புங்கள், பத்திரிகைத் தாளின் மை உள்துணியில் ஏறும். பிடியில் தொங்கவிடாமல் இருத்தி வையுங்கள். ஊசல் வாசம் இருந்தால் சிரட்டைக்கரியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டுக் கிழமைக்கொரு முறை மாற்றுங்கள். பூச்சி உருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது, அதன் வாசமும் தோலை விட்டுப் போகாது. மாரியில் இரண்டு கிழமைக்கொரு முறையாவது வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

அம்மம்மாவின் பிடியில் ஒரு பக்கம் மட்டும் கறுத்து மினுங்கும் இடம் இருக்கும். எந்தக் கையில் மாட்டினாரோ அந்தக் கையின் வியர்வையும் தேய்ப்பும் சேர்ந்தது. அதை அழுக்கென்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். தட்டத் தொடங்கும் முன் உள்துணியின் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், அம்மாவின் பையில் அங்கேதான் ஒரு ஊக்கும், திருநீறு மடித்த கடதாசியும், எழுத்து மங்கிய பஸ் டிக்கெட்டும் இருந்தன.