மகள் வனவியல் படிக்கட்டும், ஆனால் தோட்டத்தைப் பார்க்கும் முன் ஆலையைப் பாருங்கள்

வணக்கம் அம்மா,

மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு வனவியல்தான் படிப்பேன், அதுவும் பைன் மரத் தோட்டங்கள் உள்ள நாட்டில்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள் என எழுதியிருந்தீர்கள். "காட்டுக்குள் போய் என்ன வேலை பார்ப்பாள், மரமெல்லாம் வெட்டித் தீர்ந்துவிட்டால் என்ன செய்வாள்" என்ற உங்கள் கவலை நியாயமானது. பதில் கொஞ்சம் நீளம். முடிந்தால் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

முதலில், இது காட்டிலாகா வேலை இல்லை. அவள் சொல்வது நட்டு, களையெடுத்து, கவாத்து செய்து, அறுவடை செய்கிற ஒரு பயிர். கரும்பு ஒரு வருடத்தில் வெட்டுக்கு வருகிறது என்றால் நியூசிலாந்தின் ரேடியேட்டா பைன் சுமார் 28 வருடத்தில் வருகிறது, அவ்வளவுதான். வெட்டிய இடத்தில் பெரும்பாலும் அடுத்த நடவு நடந்துவிடும். ஆகவே மரம் தீர்ந்துபோகும் என்று பயப்பட வேண்டாம். தீர்ந்துபோகக்கூடியது வேறொன்று: அந்த மரத்தை வாங்குகிற ஆலை. உங்கள் மகளின் வேலை அதை நம்பித்தான் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஒரு மரம் எப்படிப் பணமாகிறது என்று பாருங்கள். வெட்டிய மரத்தை அங்கேயே துண்டு போட்டுத் தரம் பிரிப்பார்கள். இளம் வயதில் கவாத்து செய்த மரத்தின் அடித்துண்டில் கணு இருக்காது. அதற்குத்தான் நல்ல விலை. நடுத்துண்டு வீடு கட்டும் சட்டங்களுக்குப் போகும். உச்சித்துண்டு மெல்லியது, கணு நிறைந்தது. அது காகிதக் கூழுக்கோ, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகைக்கோ போகும். சரி, அறுவை ஆலைக்குள் போன நல்ல தடியாவது, அதாவது அறுக்காத மரத்துண்டாவது, முழுதாகப் பலகையாகுமா? ஆகாது. ஏறக்குறைய பாதிதான் பலகை. மீதியெல்லாம் பட்டை, தூள், சீவல், வளைந்த ஓரத்துண்டு. ஓரத்துண்டுகளைச் சில்லாக்கிப் பக்கத்துக் கூழ் ஆலைக்கு விற்பார்கள். பட்டையும் தூளும் ஆலையின் கொதிகலனில் எரியும். அந்தச் சூட்டில்தான் பச்சைப் பலகையை உலர்த்தும் அறைகள் ஓடும்.

இப்போது கூழ் ஆலை மூடிவிட்டது என்று வையுங்கள். அறுவை ஆலைக்குச் சில்லு விற்க இடமில்லை; அதன் லாபத்தில் ஒரு பகுதி அப்படியே போய்விடும். தோட்டத்தில் இடையிடையே கலைத்து எடுக்கும் இளமரங்களை வாங்கவும் ஆளில்லை. கலைக்காமல் விட்டால் மரங்கள் நெருக்கியடித்து மெலிந்து வளரும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து நல்ல தடியும் குறையும். ஈரத்தடி கனமானது, லாரி வாடகை தாங்காது, அதனால் இன்னொரு ஆலை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து பெரிதாகப் பயனில்லை. ஒரு வட்டாரத்தை எடைபோடும்போது எத்தனை ஹெக்டேர் தோட்டம் என்பதை விட, பக்கத்தில் எத்தனை வகையான ஆலைகள் இருக்கின்றன என்பதை நான் முதலில் கேட்பது இதனால்தான்.

இந்தக் கண்ணோட்டத்தோடு மகள் சொல்லும் நாடுகளுக்கு வருவோம்.

நியூசிலாந்தில் சுமார் 17 லட்சம் ஹெக்டேருக்கு மேல் தோட்டக்காடு. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ரேடியேட்டா பைன். கலிஃபோர்னியாக் கடற்கரையில் கொஞ்சூண்டு இடத்தில் வளரும் மரம், அங்கே போய் ஒரு தேசத்தின் தொழிலாகவே ஆகிவிட்டது. வடதீவின் நடுவில் ரொடோருவா, டோகோரோவா, கவெராவ் ஊர்களைச் சுற்றித்தான் தோட்டம், ஆலை, ஆராய்ச்சி மூன்றும் சேர்ந்திருக்கின்றன. பெரிய தடி ஏற்றுமதித் துறைமுகமான டௌரங்காவும் அருகில். கிரைஸ்ட்சர்ச்சில் உள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் நான்கு வருட வனவியல் பட்டமும், வனப் பொறியியல் பட்டமும் உண்டு. படிப்பு நல்ல படிப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்நாட்டு அறுவடையில் பாதிக்கு மேல் அறுபடாத தடியாகவே கப்பலேறுகிறது, பெரும்பகுதி சீனாவுக்கு. அங்கே அது கான்கிரீட் ஊற்றும் அச்சுப்பலகையாகவும் பேக்கிங் கட்டையாகவும் போகிறது. சீனாவில் கட்டுமானம் படுத்தால் நியூசிலாந்தின் மலைச்சரிவில் வெட்டும் குழு வீட்டில் உட்கார்ந்துவிடும். கடந்த சில வருடங்களில் இதுதான் நடந்தது. உள்ளூர் ஆலைகளும் மின்சார விலையில் திணறுகின்றன. 2024-இல் ருவாபேஹு பகுதியில் ஒரு கூழ் ஆலையும் அறுவை ஆலையும் சேர்ந்து மூடின. சுமார் 230 பேருக்கு வேலை போனது. அடுத்த வருடம் டோகோரோவா பக்கத்துக் கின்லீத் ஆலையில் காகித உற்பத்தி நின்றது, கூழ் உற்பத்தி மட்டும் தொடர்கிறது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. பல்கலைக்கழகக் கையேடுகளில் இது வராது, அதனால் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியா வேறு மாதிரி. அங்கே மென்மரம், அதாவது பைன் போன்ற ஊசியிலை மரம், பெரும்பாலும் சொந்த நாட்டு வீடு கட்டும் தேவைக்கே போகிறது. 2020 இறுதியில் சீனா ஆஸ்திரேலியத் தடிகளை வாங்குவதை நிறுத்தியது. 2023-இல்தான் திரும்பத் திறந்தது. தடி ஏற்றுமதியை நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. உள்ளூரில் அறுத்து விற்ற ஆலைகளுக்கு அந்த அளவு அடி இல்லை. எனக்குப் பிடித்த வட்டாரம் கிரீன் ட்ரையாங்கிள், தெற்கு ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் சந்திக்கும் மூலையில் மவுண்ட் கேம்பியரைச் சுற்றியுள்ள பகுதி. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பெரிய அறுவை ஆலைகள், துகள்பலகை ஆலை, டிஷ்யூ காகித ஆலை. டார்பீனாவில் பலகைகளைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிச் சுவர் அளவுக்குப் பலகமாக்கும் புதிய ஆலையும் வந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி போர்ட்லேண்ட் துறைமுகம். ஒன்றில் வேலை போனால் வீட்டை மாற்றாமல் இன்னொன்றில் சேர வாய்ப்புள்ள இடம். நியூ சவுத் வேல்ஸின் டூமட் பக்கமும் இப்படி ஆலைகள் கூடிய ஊர்தான், ஆனால் 2019-20 கோடைத் தீயில் அங்கே தோட்டங்கள் பெரிய அளவில் எரிந்துபோயின. எரிந்த மரத்தைச் சீக்கிரம் வெட்டி அறுத்துவிடலாம். அதற்குப் பதிலாக நட்ட கன்று தடியாக முப்பது வருடம் வேண்டுமே. அந்த இடைவெளியில் அங்குள்ள ஆலைகளுக்குத் தடி எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்கத் தென்மாநிலங்கள் இதையெல்லாம் விடப் பெரியவை. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி என்று லாப்லாலி பைன் பரந்து கிடக்கிறது. நிலம் பெரும்பாலும் தனியார், குடும்பங்களின் கையில். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வண்டு தின்று மரம் குறைந்தபோது, கான்ஃபோர், வெஸ்ட் ஃபிரேசர் போன்ற கனடிய நிறுவனங்களே இந்தத் தென்மாநிலங்களுக்கு வந்து அறுவை ஆலைகளை வாங்கின. ஒரு பக்கம் இப்படி அறுவை ஆலைகள் வளர, இன்னொரு பக்கம் கூழ் ஆலைகள் மூடுகின்றன. 2025-இல் ஜார்ஜியாவில் சவானா, ரைஸ்பரோ ஆகிய இரண்டு ஊர்களின் ஆலைகளை இன்டர்நேஷனல் பேப்பர் நிறுவனம் மூடியது. மேலே சொன்ன சில்லு கதை இப்போது அங்கே கண்முன் நடக்கிறது. படிப்புக்கு நார்த் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வார்னல் வனவியல் பள்ளி, அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகம் எல்லாமே பேர்பெற்றவை. வேலை விசா மட்டும் குலுக்கலைப் பொறுத்தது என்பதால், முதல் பட்டத்துக்கே அங்கே போவதை நான் சொல்ல மாட்டேன், மேற்படிப்புக்கு யோசிக்கலாம்.

சிலியும் தென் பிரேசிலும் பெரிய தொழில்கள். ஆனால் ஸ்பானிஷோ போர்த்துகீசோ சரளமாக வராமல் அங்கே ஆலைத்தளத்தில் ஒரு நாள் கூட ஓட்ட முடியாது. அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை நம்பியவை. பிரிட்டன் தனக்கு வேண்டிய மரத்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்வதால் உள்ளூர் ஆலைகளுக்கு விற்பனைக்குக் குறைவில்லை, ஆனால் புயல் பெரிய பகை. 2025 ஜனவரியில் ஏயோவின் புயல் அயர்லாந்தில் ஏராளமான தோட்டங்களைச் சாய்த்துப் போட்டது.

அப்புறம், நீங்கள் நேரடியாகக் கேட்காமல் சுற்றிவளைத்துக் கேட்ட விஷயம்: பெண் பிள்ளைக்கு இது பாதுகாப்பான வேலையா? பூசி மெழுகாமல் சொல்கிறேன். மரம் வெட்டும் வேலை உலகெங்கும் ஆபத்தானது. நியூசிலாந்தில் 2013-இல் மட்டும் 10 பேர் வனத் தொழிலில் இறந்தார்கள். அதையொட்டி ஒரு தனி ஆய்வே நடந்தது. அதன்பின் செங்குத்துச் சரிவுகளில்கூடக் கம்பிவடம் கட்டிய இயந்திரங்கள் வெட்டுவது அதிகமாகியிருக்கிறது. பட்டதாரி வேலை பெரும்பாலும் சங்கிலி ரம்பம் பிடிப்பது இல்லை. அளவெடுப்பது, அறுவடைத் திட்டம் போடுவது, சாலை எங்கே போட வேண்டும் என்று முடிவு செய்வது, தடி வாங்குவது, ஆலையில் தரம் பார்ப்பது. ஆனாலும் களத்துக்குப் போகாத வனவியல் கிடையாது. மழையில் நனைந்து சரிவில் ஏற வேண்டிவரும், குழுவில் அவள் ஒருத்தியே பெண்ணாக இருக்க நேரலாம், ஊர் சின்னதாக இருக்கும். மவுண்ட் கேம்பியரிலேயே முப்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள்தான். இதற்கு மனம் ஒப்புகிறதா என்பதை அவளே சொல்லட்டும். அவளுக்காக நீங்கள் பயந்து முடிவெடுக்க வேண்டாம்.

இனி படிப்பு. மகளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விமானத்திலிருந்து லேசர் வீசி மரங்களின் உயரத்தை அளந்து, ஒரு மலையில் எவ்வளவு தடி நிற்கிறது என்று கணக்கிடும் வேலை அவளுக்கு ஒத்துவரும். ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: ஆலைப் பக்கத்தையும் அவள் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். வனவியல் பட்டதாரிகளில் பலர் மரங்களோடு இருக்கவே விரும்புகிறார்கள். ஆலைக்குள் போக விரும்புகிறவர்கள் குறைவு. ஆனால் பெரிய தோட்டத்தையே சில வனவியலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆலைக்கோ ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஆள் வேண்டும். பச்சைப் பலகையை வெடிக்காமல், முறுக்காமல் உலர்த்துவது ஒரு தனி வித்தை: சூடு, ஈரப்பதம், காற்று மூன்றையும் நேரத்துக்கு நேரம் மாற்ற வேண்டும், அவசரப்பட்டால் ஒரு அறை நிறைய மரம் வீணாகும். இப்படிப்பட்டதைக் கற்றுக்கொண்டவளுக்கு நியூசிலாந்தோ ஜார்ஜியாவோ எல்லாம் ஒன்றுதான். மரம் மாறும், இயற்பியல் மாறாது. மர அறிவியல், காகிதத் தொழில்நுட்பம், வனப் பொறியியல் ஆகிய பெயர்களில் உள்ள படிப்புகளையும் விண்ணப்பத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மென்மரத்தின் நார் யூகலிப்டஸ் நாரை விட இரண்டு மூன்று மடங்கு நீளம். அட்டைப்பெட்டியின் பலமே அதில்தான் இருக்கிறது, அதனால் எழுதும் காகிதம் குறைந்தாலும் இந்தக் கூழுக்கு வேலை இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

சுற்றுச்சூழல் மீது அக்கறை உள்ள பெண் என்றால் அதற்கும் இங்கே இடமுண்டு, அதுவும் அவசரமான இடம். 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயலின்போது, நியூசிலாந்தின் கிழக்குக் கரையில் வெட்டிப் போட்ட கிளைகளும் கழிவுத்தடிகளும் ஆற்றில் அடித்து வந்து பாலங்களையும் வயல்களையும் கடற்கரையையும் நாசமாக்கின. எந்தச் சரிவில் வெட்டலாம், எங்கே நடவே கூடாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த மக்களுக்குத் தேவை. இந்தத் தொழிலில் இருந்துகொண்டே இந்தத் தொழிலிடம் "இங்கே வேண்டாம்" என்று சொல்லும் வேலை அது.

விண்ணப்பம் போடும் முன் மகள் ஒரு வேலை செய்யட்டும். அவள் போக நினைக்கும் ஊரை வரைபடத்தில் நடுவில் வைத்து, சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் உள்ள ஆலைகளைக் குறிக்கட்டும்: எது அறுக்கிறது, எது கூழாக்குகிறது, எது பலகை ஒட்டுகிறது, எது சமீபத்தில் மூடியது. அந்த நிறுவனங்களின் வேலை விளம்பரங்களைப் படித்து, என்ன தகுதி கேட்கிறார்கள் என்று எழுதி வைக்கட்டும். பிறகு பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை இரண்டு: விடுமுறைக் களப்பணியை எந்த ஆலையில், எந்தத் தோட்டத்தில் ஏற்பாடு செய்து தருகிறார்கள்? போன வருடம் படித்து முடித்த வெளிநாட்டு மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். விசா விதிகளை மட்டும் அந்தந்த அரசின் இணையதளத்திலேயே பாருங்கள்; அடிக்கடி மாறுகின்றன, ஏஜென்ட் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். இந்த ஊர்களில் தோட்டத்துக்குப் பேருந்து போகாது. ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்கு விடுமுறைக் களப்பணி கிடைப்பதே கஷ்டம். ரிசல்ட் வரும் வரை மகள் சும்மாதானே இருப்பாள். கியர் வைத்த வண்டியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமம் எடுத்துவிடட்டும். வரைபடத்தை முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.