லிவர்பூலின் ஆன்மாவைச் சுமந்தவர்கள்

ஒரு கால்பந்து கிளப்பின் ஆன்மாவை நட்சத்திர வீரர்கள் வெவ்வேறு காலங்களில் எப்படி வெளிப்படுத்துகிறார்கள் என்பது கேள்வி. நான் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் இங்கிலாந்துக் கிளப்பான லிவர்பூலை வைத்தே பதில் சொல்கிறேன். அதிகக் கோல் அடித்தவரையோ அதிகக் கோப்பை வென்றவரையோ அல்ல, கிளப்பிடம் அந்தந்தக் காலத்தில் எது இல்லையோ அதை ஈடுகட்டியவரைத்தான் ரசிகர்கள் கிளப்பின் உருவமாகவே பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு.

ஸ்காட்லாந்துக்காரரான பில்லி லிடல் கணக்காளர் வேலையையும் விடாமல் பார்த்துக்கொண்டு ஆடியவர். 1947இல் இங்கிலாந்தின் லீக் பட்டம் வென்ற அணியில் இருந்த அவர், 1954இல் அணி அடுத்த நிலையான இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டபோதும் விலகவில்லை. ஊரே அணியை ‘லிடல்பூல்’ என்று அழைத்தது. அதில் புகழ்ச்சியோடு, மற்றவர்கள் மீதான கிண்டலும் கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1962இல் அணி முதல் டிவிஷனுக்குத் திரும்பியபோது அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

கென்னி டால்கிளிஷ் 1977இல் ஸ்காட்லாந்துக் கிளப்பான செல்டிக்கிலிருந்து வந்தபோது கிளப்புக்கு வெற்றிப் பஞ்சம் இல்லை. 1978 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில், புரூஜ் அணியின் கோல்கீப்பர் அவசரப்பட்டுத் தரையில் விழும்வரை ஒரு கணம் பொறுத்திருந்து, பந்தை அவருக்கு மேலாக மெல்லத் தூக்கிப் போட்டாரே, அந்த நிதானம்தான் அவருடைய ஆட்டம். ஆனாலும் அவரை ஊர் தன்னவராக்கிக்கொண்டது அந்தக் கோலுக்காக மட்டுமல்ல. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் மொத்தம் 97 பேர் உயிரிழந்தார்கள். அப்போது மேனேஜராக இருந்த டால்கிளிஷ், ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குக்கூடச் சென்றார். 1991 பிப்ரவரியில் அவர் பதவி விலகியதற்கு அந்தச் சுமையும் ஒரு காரணம்.

நான் கண்ணால் கண்ட காலம் ஸ்டீவன் ஜெரார்டினுடையது. நான் சொல்லும் நால்வரில் அவர் ஒருவரே உள்ளூர்க்காரர். ஹில்ஸ்பரோவில் இறந்தவர்களில் மிக இளையவரான பத்து வயதுச் சிறுவன் அவருடைய உறவினன். 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கோப்பைதான்) இறுதிப் போட்டியின் இடைவேளையில் இத்தாலியின் மிலான் அணி 3-0 என்று முன்னிலையில் இருந்தது. இந்தியாவில் நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆகியிருந்ததால், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கலாமா என்று யோசித்தேன். 54ஆவது நிமிடத்தில் சக வீரர் ரீசே பக்கவாட்டிலிருந்து அனுப்பிய கிராஸை ஜெரார்ட் தலையால் முட்டி கோலாக்கிவிட்டுத் திரும்பி ஓடும்போது, கொண்டாட நிற்காமல், “எழுந்திருங்கள்” என்பதுபோல் இரு கைகளையும் ரசிகர்களை நோக்கி மேலே வீசிக்கொண்டே ஓடினார். ஆறே நிமிடங்களில் ஆட்டம் சமநிலைக்கு வந்தது. கூடுதல் நேரத்தில் மிலானின் செர்ஜினியோவைத் தடுக்க அதே மனிதர் வலது பின்களத்தில் ஆடினார். கோப்பை பெனால்டியில் கிடைத்தது. லீக் பட்டம் மட்டும் அவருக்கு வாய்க்கவேயில்லை. அணி அந்தப் பட்டத்தை நெருங்கியிருந்த 2014 ஏப்ரலில் செல்சீக்கு எதிராக அவர் வழுக்கி விழுந்ததைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இன்றும் உண்டு.

முகமது சலா எகிப்தியர். அவர் வந்த 2017இல், லீக் பட்டத்துக்கான காத்திருப்புக்கு வயது 27. 2020 ஜனவரி 19 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில், கோல்கீப்பர் அலிசன் நீளமாக அடித்த பந்தைத் துரத்திச் சென்று கோலாக்கினார். சட்டையைக் கழற்றி நின்ற சலாவை முதலில் வந்து கட்டிக்கொண்டவர், மைதானத்தின் மறுமுனையிலிருந்து ஓடிவந்த அதே அலிசன்தான். பட்டம் நமதே என்று அரங்கம் அன்றுதான் துணிந்து பாடியது. ஜூனில் பட்டம் உறுதியானபோது கொரோனாவால் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டின் கதவுகள் ரசிகர்களுக்கு மூடப்பட்டிருந்தன.